வீட்டின் இறவாரத்தில் குருவிகள் கூடு கட்டாமல் தடுத்தல்



கடலூர், சிதம்பரம் தாலூகாக்களில் நெல்லை வீட்டில் வைத்துக் காப்பாற்றும் குடியானவர்கள் எலிக்குப் பொறி வைக்கிறார்கள். அந்துக்கு வேப்பிலையும் நொச்சியிலையும் போடுகிறார்கள். மழை ஒழுகுமோ என்று கூரையை அண்ணாந்து பார்க்கிறார்கள். ஆனால் அதே கூரையின் இறவாரத்தில் குடியேறும் ஊர்க்குருவியைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. யோசிப்பவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுகிறார்கள். கோலை எடுத்துக் கூட்டைக் குத்தித் தள்ளிவிட வேண்டுமென்பது ஒரு கட்சி. குருவி கூடு கட்டிய வீடு விளங்கும், அதைத் தொடலாகாது என்பது மற்றொரு கட்சி. முதற்கட்சியார் குஞ்சுகளைக் கொன்றும் பலனடைவதில்லை. சில தினங்களுக்குள் அதே பொந்தில் மறுபடியும் வைக்கோல் தொங்குகிறது. இரண்டாவது கட்சியார் குருவியைக் காப்பாற்றி விதை நெல்லைக் கெடுத்துக் கொள்கிறார்கள். இவ்விரண்டுமல்லாத வழி ஒன்று உண்டு. அது குருவியைப் பற்றியதன்று, பொந்தைப் பற்றியது.

முதலில் நஷ்டம் இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். ஊர்க்குருவி தின்னும் நெல் சொற்பமே. அது கெடுக்கும் நெல்லே அதிகம். இறவாரத்துக்கு அடியில், திண்ணையிலும் தாழ்வாரத்திலும் அடுக்கிய மூட்டைகளின்மேல் எச்சம் விழுந்து சாக்கு நனைகிறது. நனைந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது. கூட்டுக்காகக் கீற்றிலிருந்தும் வைக்கோலிலிருந்தும் நாரை உருவுவதால் கூரையின் ஓரம் கலைந்து மழைநீர் சுவருக்குள் இறங்குகிறது. ஓட்டு வீடானால், ஓட்டுக்கு அடியில் திணித்த வைக்கோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சட்டத்தையும் வரிச்சையும் உளுக்கச் செய்கிறது. குஞ்சுகளைத் தேடிச் சாரைப்பாம்பு கூரையேறுவதைக் கிராமங்களில் பார்த்தவர் அநேகர். குஞ்சுகள் பறந்துபோன பிறகு, கூட்டில் மிஞ்சிய நுண்ணிய உண்ணிகள் இரைதேடிக் கீழே இறங்கி, அங்கே படுத்திருக்கும் குழந்தைகளைக் கடிக்கின்றன. காரணம் தெரியாமல் வேர்க்குரு என்றெண்ணிச் சந்தனம் பூசுவோரும் உண்டு. அடுப்பங்கரைப் புகைக்கூண்டின் ஓரத்தில் வைக்கோல் கூடு இருந்தால் நெருப்புப் பயமும் சேர்ந்துகொள்கிறது.

மழைநீரையும் மறக்கலாகாது. தமிழ்நாட்டில் 2003-ம் வருஷம் முதல் எல்லாக் கட்டிடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரைநீர் தொட்டியில் இறங்கும் வீடுகளில் இறவாரத்துத் தகரத்தோணியில் கூடு விழுந்து அடைத்துக்கொண்டால், ஐப்பசி அடைமழையில் தண்ணீர் சுவரோரமாக வழியும். எச்சம் கலந்த நீர் குடிதண்ணீர்த் தொட்டிக்கும் போகும்.

புவனகிரிப் பக்கத்தில் ஒரு குடியானவர் வீட்டை உதாரணமாக வைத்துக் கொள்ளலாம். மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்திருக்கிறது. விதைக்கென்று எடுத்த நெல் தாழ்வாரத்து மூலையில் இருக்கிறது. அதற்கு நேர்மேலே, சுவரின் தலைக்கும் கைமரத்துக்கும் நடுவிலுள்ள சந்தில் குருவி போய்வருகிறது. மகன் களிமண்ணைக் குழைத்துக்கொண்டு ஏணியில் ஏறுகிறான். தாய் ஏணியைப் பிடித்துக்கொண்டு, “பிள்ளைத்தாய்ச்சியை வீட்டைவிட்டுத் துரத்துகிற மாதிரி இருக்கிறதடா, அடைக்காதே” என்கிறாள். “விதை நெல்லெல்லாம் எச்சமாய்ப் போகிறதே, அம்மா! அடுத்த பட்டத்துக்கு நாற்றங்காலில் எதைக் கொண்டுபோய் விடுகிறது?” என்று அவன் கேட்கிறான். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவரும் ஒரு காரியத்தைக் கவனிக்கவில்லை. குருவியின் வாயில் என்ன இருந்தது என்று பார்த்திருந்தால் அந்த வாதத்துக்கே இடமிருந்திராது.

இரண்டு மூன்று நாள் காலையிலும் மாலையிலும் சற்றுநேரம் திண்ணையிலிருந்து பார்த்தால் போதும். வாயில் வைக்கோலோ நாரோ கோழியிறகோ இருந்தால், கூடு இப்பொழுதுதான் ஆரம்பமாகிறது. ஒரு குருவி உள்ளே போனது போனபடியே வெகுநேரம் இருந்து, மற்றொன்று வந்தபிறகே வெளியே வந்தால், முட்டையின்மேல் அடைகாக்கிறது. வாயில் பச்சைப்புழுவோ சிறு தத்துப்பூச்சியோ கவ்விவந்து, உள்ளேயிருந்து பல கீச்சுக்குரல் எழும்பினால், குஞ்சு பொரித்துவிட்டது. உள்ளேயிருந்து வெள்ளையான சிறு உருண்டையைக் கவ்விவந்து தொலைவில் போட்டால் அதுவும் குஞ்சுகளுக்கு அடையாளமே. அவற்றின் எச்சத்தைத் தாய் அப்புறப்படுத்துகிறது.

முதல் அடையாளம் கண்ட நாளே பொந்தை அடைத்துவிடலாம்; ஒரு பிராணிக்கும் ஹானியில்லை; குருவி ஒருநாள் கத்திவிட்டு வேறிடம் பார்த்துக்கொள்ளும். மற்ற அடையாளங்கள் தென்பட்டால் ஏணியை இறக்கி வைத்துவிட்டுப் பொறுத்திருக்க வேண்டியதே முறை. பொறுக்க வேண்டிய காலமும் நீண்டதன்று. ஊர்க்குருவி தினம் ஒன்றாக மூன்று முதல் ஐந்து முட்டை வரையில் இடும். அடைகாப்பது 11 முதல் 14 நாள். குஞ்சு கூட்டில் வளர்வது ஏறக்குறைய 15 நாள். ஆக, முதல் முட்டை தொடங்கிக் கடைசிக் குஞ்சு வெளியேறும் வரையில் ஒரு மாதம், சற்று ஏறத்தாழ இருக்கலாம். அதுவரையில் விதை மூட்டையை மூன்று முழம் தள்ளிவைப்பதும், கூட்டுக்கு நேர்கீழே ஒரு பழம்பாயையோ தகரத்தையோ விரித்து வைப்பதும் பெரிய சிரமமன்று.

ஆனால் குஞ்சுகள் பறந்துவிட்டன என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது. அதே ஜோடி சில தினங்களுக்குள் அதே கூட்டில் மறு ஈட்டுக்கு முட்டையிடும். வருஷத்தில் பல ஈடு எடுக்கும் பறவை அது. ஆகையால் குஞ்சுகள் வெளியேறியதற்கு மறுநாளே, ஒரு கழியின் நுனியில் சிறு கண்ணாடியைக் கட்டி, டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பார்த்து, கூடு காலி என்று நிச்சயித்துக்கொண்டு, பழைய வைக்கோலை எடுத்துவிட்டு, அன்றே அடைக்க வேண்டும். பார்க்காமல் அடைப்பது பெருந்தவறு. உள்ளே அகப்பட்ட குஞ்சு செத்து நாறினால், கட்டிய சுவரையே இடிக்க வேண்டி வரும். வீட்டிலுள்ள பெரியவர்களின் மனவருத்தம் வேறு.

சட்டமும் இதையே அனுசரிக்கிறது. 1972-ம் வருஷத்து வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குக் கூறும் அர்த்தத்தில், காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதும் அடங்கும். கூடு உருவாவதற்கு முன்னமேயே பொந்தை அடைத்துவிடுகிறவருக்கு இந்த யோசனைகளே தேவையில்லை. கூரை பிரித்து வேயும் மாசி, பங்குனி மாதங்களுக்கு முன் வீட்டை ஒருமுறை சுற்றிவந்து எந்தெந்தச் சந்தில் விரல் நுழைகிறது, எதில் கட்டைவிரல் தாராளமாகப் போகிறது என்று குறித்துக்கொள்வது உத்தமம். கட்டைவிரல் தாராளமாகப் போகும் சந்தில் குருவியும் போகும்.

இனி அடைக்கும் முறை. கீற்றுக்கூரை, விழல்கூரை வீடுகளில் பொந்து கூரையில் இல்லை. சுவரின் தலையிலேதான் இருக்கிறது. கைமரங்கள் சுவரின்மேல் உட்காரும் இடங்களில், ஒரு கைமரத்துக்கும் மறு கைமரத்துக்கும் நடுவே அரையடி வரையில் வெளி விட்டுவிடுவது வழக்கம். அந்த வெளியைக் கல்லும் மண்ணும் வைத்து ஒரேயடியாக மூடிவிடுகிறவர்கள் உண்டு. அது குருவியைத் தடுக்கும், காற்றையும் தடுத்துவிடும். சித்திரை வைகாசியில் உள்ளே படுக்க முடியாது, நெல்லும் புழுங்கும். ஆதலால் பாதிக்குமேல் மண் வைத்துக் கட்டி, மேற்பாதியில் மூங்கில் பிளாச்சுகளை நெருக்கமாக நிறுத்திக் கட்டுவது நல்லது. பிளாச்சுக்குப் பிளாச்சு அரை அங்குலத்துக்குமேல் இடைவெளி இருக்கலாகாது. தேங்காய் மட்டையையும் கந்தல் துணியையும் திணிப்பது பிரயோஜனப்படாது. குருவி அதை உருவியே கூடு கட்டிக்கொள்ளும்!

நாட்டு ஓட்டு வீடுகளில், இறவார வரிசையிலுள்ள வளைவோடுகளின் வாய் திறந்திருக்கும். நல்ல கொத்தர்கள் அந்த வாயைச் சுண்ணாம்புக் காரையால் அடைத்துவிட்டுத்தான் கீழே இறங்குவார்கள். அவசர வேலையில் இது விட்டுப்போகிறது. அல்லது மழையில் காரை உதிர்ந்துபோகிறது. மங்களூர் ஓடு, அதாவது பாஸல் மிஷனார் 1865-ல் மங்களூரில் தொழிற்சாலை வைத்துச் செய்யத் தொடங்கிய தட்டையோடு, நாட்டோட்டைவிட நெருக்கமாகப் படியும். ஆயினும் அதன் கடைசி வரிசையிலும் அலையலையாகச் சந்து உண்டு. கைமரத்தின் நுனிகளுக்குக் குறுக்கே ஒரு முகப்புப் பலகை அடித்து, பலகைக்கும் ஓட்டுக்கும் நடுவிலுள்ள சந்தைக் காரையால் நிரப்பிவிட்டால் குருவிக்கும் வழியில்லை, அணிலுக்கும் வழியில்லை.

கம்பிவலை உபயோகிப்பவர்கள் முக்கால் அங்குலத்துக்கு மேற்பட்ட கண்ணுள்ள வலையை வாங்கலாகாது. அரை அங்குலக் கண் சிலாக்கியமானது. பெரிய எலியும் நுழையாது. கோழிக்கூண்டுக்குப் போடும் பெரிய கண் வலையில் குருவி உடம்பைக் குறுக்கிக்கொண்டு புகுந்துவிடும். கடலோரத்தில் மற்றொரு விஷயத்தையும் யோசிக்க வேண்டும். தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை முதலிய இடங்களில் உப்புக்காற்றுப் பட்டுச் சாதாரண இரும்புவலை சீக்கிரத்தில் துருவேறி உதிர்ந்துவிடுகிறது. அவ்விடங்களில் துருப்பிடிக்காத எஃகுவலையோ, பிளாஸ்டிக் பூசிய வலையோ, அதற்கு வசதியில்லாதவர்கள் மேலே சொன்ன மூங்கில் பிளாச்சோ போடுவதுதான் லாபம். மீன்வலைத் துண்டைத் தொய்வாகக் கட்டித் தொங்கவிடுவது கூடாது. தொய்ந்த வலையில் குருவியின் காலும் சிறகும் சிக்கி, தலைகீழாகத் தொங்கிச் சாகும். எந்த வலையானாலும் இழுத்து, விளிம்பு நெடுகச் சட்டம் வைத்து ஆணியடிக்க வேண்டும்.

அநேகர் கையாளும் வேறு சில உபாயங்கள் உண்டு. பழைய ஒலிநாடாவையும் பளபளக்கும் தகட்டையும் கட்டித் தொங்கவிடுகிறார்கள். குருவி முதல் நாள் மிரளும், வாரத்துக்குள் பழகிவிடும். பிளாஸ்டிக் ஆந்தை பொம்மையும் அப்படியே. திருஷ்டிக்காக வாசலில் கட்டும் பொம்மையால் மனிதர் கண் படாமலிருக்கலாம். குருவி அதன் தலையிலேயே உட்கார்ந்து இளைப்பாறுவதைப் பார்க்கலாம். பிசின் தடவுவதும் விஷம் கலந்த தானியம் தூவுவதும் கொடுமை மட்டுமல்ல, ஆபத்துமாகும். அந்தத் தானியம் கோழி வாயிலும், தவழும் குழந்தை கையிலும் போகாதென்று யார் உத்தரவாதம் சொல்லமுடியும்?

ஒரு வீட்டார் மாத்திரம் அடைத்துக் கொள்வதில் இன்னொரு குறை இருக்கிறது. அங்கே இடமிழந்த குருவி அடுத்த வீட்டு இறவாரத்துக்குப் போகிறது. அடுத்த வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்தால் சச்சரவு. தெரியாவிட்டால் அவருக்கு நஷ்டம். ஆகையால் தெரு முழுவதும் சேர்ந்து ஒரே பட்டத்தில் செய்வதே புத்திசாலித்தனம். கம்பிவலை சுருளாக வாங்கினால் விலை சரசம். ஒரு வீட்டுக்கு ஒரு சுருள் தேவைப்படாது. பத்து வீட்டார் சேர்ந்து ஒரு சுருள் வாங்கி, ஒரே தச்சரை நாலு நாளைக்கு அமர்த்திக்கொண்டால் செலவு பாதியாகக் குறையும். இந்தியாவில் 1904-ம் வருஷம் முதற் கூட்டுறவுச் சட்டம் ஏற்பட்டது கடனுக்காகவேயன்றிக் கம்பிவலைக்காக அன்று என்பது வாஸ்தவமே. ஆனாலும் சங்கத்தின் அங்கத்தினர்கள் ஒரு சாமானைச் சேர்ந்து வாங்கக் கூடாதென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சங்கத்தின் கிடங்குகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். வீட்டில் ஒரு ஜோடிக் குருவியானால் கிடங்கில் ஐம்பது ஜோடி. காரணம், கிடங்கில் பொந்தும் உண்டு, தீனியும் உண்டு. தகரக்கூரையின் அலைமடிப்புகள் சுவரின்மேல் வந்து முடியும் இடத்தில் மடிப்புக்கு ஒரு பொந்து திறந்திருக்கும். அதை மடிப்பின் வடிவுக்கு வெட்டிய மரத்துண்டாலோ காரையாலோ அடைக்கவேண்டும். காற்றுப்போக்கிகளுக்கு வலை அடிக்கவேண்டும். மூட்டை ஏற்றி இறக்கும்போது கதவு நாள்முழுவதும் திறந்திருப்பதால், கதவுக்கு உட்புறம் தொங்கும் பட்டைத்திரை போடுவது நல்லது. எல்லாவற்றையும்விட முக்கியம், சிந்திய நெல்லை அன்றன்று கூட்டி எடுப்பது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில் சிந்திக்கிடக்கும் நெல்லே ஊர்க்குருவிக்கும் புறாவுக்கும் வெற்றிலைபாக்கு வைத்து அழைப்பதற்குச் சமானம்.

கூரை வீடு இல்லாதவர்களுக்கும் இவ்விஷயம் சம்பந்தமில்லாததன்று. 2011-ம் வருஷம் டிசம்பர் மாதம் 30-ந் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, பண்ணுருட்டிப் பக்கத்துப் பலா, முந்திரித் தோப்புகளோடு எண்ணற்ற கூரைவீடுகளும் சாய்ந்தன. அதன்பின் தளம்போட்ட வீடுகள் பெருகின. தளவீட்டில் இறவாரச் சந்து இல்லை. இடமிழந்த குருவி மின்சார மீட்டர்ப் பெட்டியிலும், குழல்விளக்கின் மேலும், மின்விசிறியின் கிண்ணத்திலும் கூடு கட்டப் பார்க்கிறது. இது குருவிக்கும் ஆபத்து, வீட்டுக்கும் ஆபத்து. சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடியில் 2020-ம் வருஷம் தெருவிளக்குகளின் ஸ்விட்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு குருவி முட்டையிட்டு விட்டது. விளக்கைப் போட்டால் கூடு கலையும். ஊரார் கூடிப் பேசி, குஞ்சு பறக்கும் வரையில் ஒரு மாதத்துக்கு மேலாகத் தெருவிளக்கைப் போடாமலே இருந்தார்கள். அவ்வூரார் செய்தது போற்றத்தக்கது. எனினும் பெட்டியின் கம்பி நுழையும் துவாரம் அடைபட்டிருந்தால் ஊர் இருட்டில் இருக்க வேண்டியிராது.

தளவீடுகளில் குருவியைவிட மாடப்புறாவே பெருந்தொல்லை. அதற்குப் பொந்து வேண்டியதில்லை. ஒரு சாண் அகலத்துத் திட்டு இருந்தால் நாலு குச்சியை வைத்து இரண்டு முட்டையிட்டு விடும். 17 முதல் 19 நாள் அடைகாத்து, பின்னும் ஒரு மாதம் குஞ்சுகளை அங்கேயே வளர்க்கும். ஆகவே குருவிக்கு ஒரு மாதம் பொறுத்தால், புறாவுக்கு ஏழு வாரம் பொறுக்க வேண்டும். ஜன்னல் மேல்தளத்தையும் கார்னீசையும் 45 பாகைக்குக் குறையாத சரிவாகக் காரை பூசிவிட்டால் புறாவுக்கு நிலைகொள்ளாது. புது வீடு கட்டுகிறவர்கள் கொத்தரிடம் இதை முன்னாடியே சொல்லிவிட்டால் தனிச் செலவே கிடையாது.

சிதம்பரத்தில் நடராஜர் கோயிலின் நான்கு கோபுரங்களையும் பார்த்தவர்களுக்கு இதன் நியாயம் விளங்கும். நிலைதோறும் மாடம், மாடந்தோறும் சுதைப்பதுமை, பதுமைதோறும் புறா. ‘மாடப்புறா’ என்ற பெயரே அங்கிருந்து வந்ததுபோலத் தோன்றும். ஆனால் கோபுரங்களின் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றுக்கும் ஆலங்கன்றுக்கும் புறாவைக் குறைசொல்வது சரியன்று. புறா தானியந்தின்னி. ஆலம்பழமும் அரசம்பழமும் தின்று எச்சத்தில் விதையை விட்டுப்போவது மைனா, காக்கை, குயில் முதலியவை. அவ்விதை காரையின் வெடிப்பில் வேரூன்றிக் கல்லையே பிளக்கும். வீட்டு இறவாரத்திலும் கைப்பிடிச் சுவரிலும் இரண்டிலை விட்ட அரசங்கன்றைக் கண்டால், கையால் பிடுங்கும் பருவத்திலேயே வேரோடு எடுத்து, வெடிப்பைக் காரையால் மூடவேண்டும். ஒரு வருஷம் விட்டால் கொத்தர் வேண்டும். ஐந்து வருஷம் விட்டால் சுவரே புதிதாக வேண்டும்.

எல்லாப் பறவையையும் ஒரே கண்ணால் பார்க்கவும் கூடாது. ஐப்பசிக்குமேல் மின்சாரக் கம்பிகளில் வரிசையாக உட்காரும் தகைவிலான் குருவி குளிர்காலத்துக்கு மட்டும் வரும் விருந்தாளி. இங்கே கூடு கட்டுவதேயில்லை. மண்டபங்களின் உட்கூரையில் இறகையும் வைக்கோலையும் எச்சிலால் ஒட்டிக் கூடு வைக்கும் உழவாரன், பறந்தபடியே கொசுவையும் பூச்சியையும் பிடித்துத் தின்னுகிறது, நெல்லைத் தொடாது. பாழடைந்த கட்டிடத்தில் குடியிருக்கும் கூகையை அபசகுனமென்று விரட்டுகிறார்கள். அது இரவெல்லாம் பிடிப்பது வயல் எலியை. வீராணத்துப் பாசன வயல்களில் எலிக்கு வைத்தியம் தேடுகிறவர்கள் கூகையை விரட்டுவது, காவற்காரனைத் துரத்திவிட்டுத் திருடன் வருகிறானென்று புலம்புவதை ஒக்கும்.

ஊர்க்குருவியும் வயலுக்குச் செய்யும் உபகாரம் உண்டு. பெரிய குருவி தானியம் தின்றாலும், குஞ்சுகளுக்கு ஊட்டுவது பெரும்பாலும் புழுவும் பூச்சியுமே. அதை மறந்தால் நேருவது என்ன என்பதற்குச் சீன தேசமே சாட்சி. அங்கே 1958-ல் மா சே துங்கின் ஆட்சி எலி, ஈ, கொசு, குருவி ஆகிய நான்கையும் பீடைகளென்று சாற்றி ஒழிக்கக் கிளம்பியது. அது ஊர்க்குருவிக்கு நெருங்கிய இனமான மரக்குருவி. ஜனங்கள் கூட்டங்கூட்டமாக நின்று தப்பட்டையும் தகரமும் தட்டி, குருவி எங்கும் உட்காரவொட்டாமல் அடித்தார்கள்; பறந்து பறந்து களைத்துக் குருவிகள் விழுந்து செத்தன. கூடுகளைக் கலைத்தார்கள், முட்டைகளை உடைத்தார்கள். குருவிகள் குறைந்த இடங்களில் வெட்டுக்கிளியும் புழுவும் பெருகின. ஜெங் த்ஸோஷின் முதலிய பறவை ஆராய்ச்சியாளர்கள் குருவியின் இரைப்பையைச் சோதித்துப் பூச்சிகளை எடுத்துக் காட்டினார்கள். 1960-ல் பட்டியலிலிருந்து குருவியை நீக்கிவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். 1959 முதல் 1961 வரையில் அத்தேசத்தை வாட்டிய கொடும்பஞ்சத்துக்கு முக்கிய காரணம் அரசாங்கத்தின் விவசாயக் கொள்கைகளே. ஆயினும் குருவியை ஒழித்ததும் அக்காரணங்களில் ஒன்றாக எண்ணப்படுகிறது.

இந்தியாவில் ஊர்க்குருவி அடியோடு அழிந்து வருகிறது, செல்போன் கோபுரமே காரணம் என்று பலர் சொல்லுகிறார்கள். 2020-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கையின்படி, தேசம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஊர்க்குருவியின் தொகை பெரும்பாலும் நிலையாகவே இருக்கிறது. பெரிய நகரங்களில்தான் குறைந்திருக்கிறது. கோபுரங்களைக் குற்றஞ்சாட்டத் தக்க ருசுவும் அகப்படவில்லை. நகரத்தில் கூடு வைக்கப் பொந்தும் குறைவு, குஞ்சுக்கு ஊட்டப் புழுவும் குறைவு. கிராமத்திலும் எல்லாப் பொந்தையும் அடைத்துவிட்டு, வேறிடமும் கொடாவிட்டால் அந்நிலைமை இங்கேயும் வரக்கூடும். தமிழ் ஜனங்கள் இப்பறவைக்கு வைத்த மற்றொரு பெயர் அடைக்கலான் குருவி. அடைக்கலம் கொடுப்பது விதை மூட்டைக்கு நேர்மேலேதான் என்று ஒரு நிபந்தனையுமில்லை.

ஆகவே பொந்துகளை அடைக்கிற நாளிலேயே, நெல்லுக்கும் அடுப்பங்கரைக்கும் தூரமான பக்கத்து இறவாரத்தில் ஒரு சிறு மண்கலயத்தையாவது, அரையடிச் சதுரப் பலகைப் பெட்டியையாவது கட்டிவிட வேண்டும். துவாரம் ஒன்றேகால் அங்குலம் இருந்தால் போதும். இரண்டு அங்குலமானால் மைனா வந்து குருவியைத் துரத்திவிடும். தரையிலிருந்து எட்டு முதல் பத்தடி உயரம் வேண்டும். பூனை தாவுகிற சுவரோ கிளையோ பக்கத்தில் இருக்கலாகாது. இப்பிரதேசத்தில் பெருமழை வடகிழக்கிலிருந்து அடிப்பதால் துவாரம் அத்திசை பார்க்கலாகாது. மேற்கு வெயில் நேரே விழும்படியும் வைக்கலாகாது. தெற்குமுகமே பொருத்தமானது. கலயத்தின் அடியில் நீர் வடிய ஊசித்துளை இரண்டு போடவேண்டும். அறுவடையில் நல்ல கதிராகப் பார்த்துக் குஞ்சமாகப் பின்னி இறவாரத்தில் தொங்கவிடும் பழைய வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்தக் கதிர்க் குஞ்சத்தையும் கலயத்தின் பக்கத்திலேயே கட்டினால், குருவிக்கு இடம் தானே விளங்கிவிடும்.

பழைய கூட்டை அப்புறப்படுத்தும்போது வறட்டுத் துடைப்பத்தால் பெருக்கலாகாது. காய்ந்த எச்சத்தின் தூசி, முக்கியமாகப் புறாவின் எச்சத் தூசி, மூச்சில் போனால் நுரையீரல் வியாதிகள் வரக்கூடும். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, வழித்தெடுத்துப் புதைத்துவிட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் இவ்வேலையில் இறங்கலாகாது. ஏணியின் அடியை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இறவாரத்தையொட்டி மின்சாரக் கம்பி போகிற வீடுகளில் கம்பிவலையைக் கையில் எடுப்பதற்கு முன்னமேயே மின்சாரத்தை நிறுத்திக்கொள்வது அவசியம்.

கட்டிய கலயத்தில் ஒரு ஈடு குஞ்சு பறந்ததும், மேலே சொன்னபடி கண்ணாடி வைத்துப் பார்த்து, காலியென்று கண்டால் இறக்கி, வைக்கோலைக் கொட்டி, கொதிநீர் ஊற்றி அலம்பி, வெயிலில் ஒருநாள் காயவைத்து, மறுபடியும் அதே ஆணியில் மாட்டிவிட வேண்டும்.